ஒண்ணுமில்லட்டி, வாயுதான்

1

நம்ம ஊர்க் கொடைக்கு மலர் போடுகிறோம், வெளியூர் போய்ப் பிழைத்தவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள், நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று விழாக் கமிட்டிப் பையன் போனில் கேட்டான். முடியாது என்றேன். துபாய்க்காரரும் சிங்கப்பூர்க்காரரும் எழுதுகிற புத்தகத்தில் எனக்கென்ன வேலை? நான் கடலையா தாண்டினேன்? ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினேன், அவ்வளவுதான்.

"அப்படிச் சொல்லாதீங்க ஆச்சி. உங்களுக்கும் பாஷை மாறிப் போச்சுல்லா" என்றான்.

அது சரிதான். கல்யாணம் முடிந்த கையோடு எங்க வீட்டுக்காரர் கட்டட வேலைக்கென்று என்னைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டி வந்தார். நாங்கள் தங்கிய கழக்கூட்டத்தில் அப்போது தென்னந்தோப்புதான். பிறகு கம்ப்யூட்டர்க் கட்டடங்கள் எழும்பியபோது அவற்றுக்குச் செங்கல் சுமந்தோம். அவருக்கு முதுகு போனதும், அதே கட்டடங்களில் வேலை பார்க்க வந்த பிள்ளைகளுக்கு இட்லி விற்றோம். அந்த இட்லியில் எழும்பியதுதான் இந்த வீடு. ஒருத்தரிடமும் கை நீட்டியதில்லை. இதை மட்டும் மலரில் பெரிய எழுத்தில் போடலாம்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. வடை மடிக்க வாங்கிய பழைய பேப்பரை எழுத்துக் கூட்டி வாசித்து வாசித்துத்தான் மீதி வந்தது. நீங்கள் சொல்லுங்கள் பெரியம்மா, நான் எழுதித் தருகிறேன் என்று மாடியில் குடியிருக்கிற செல்வி சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். எழுத்தில் பிழை இருந்தால் அச்சுப் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

முடியாது என்றவள் ஏன் எழுதுகிறேன் என்றால், பயத்தில் எழுதுகிறேன்.

இந்தச் செல்வி நம்ம ஊர்க் கீழத்தெருப் பிள்ளை. அதனால்தான் மாடியை வாடகைக்குக் கொடுத்தேன். அவள் புருஷன் ஜெகனுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை. இப்போது தூத்துக்குடிக்கு மாறிப் போகிறான். பள்ளிக்கூடம் அடைத்ததும் செல்வி தன் மகள் நிவேதாவைக் கூட்டிக்கொண்டு கீழத்தெருவில் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். நிவேதாவுக்கு ஏழு வயது. நாங்கள் நிவி என்று கூப்பிடுவோம். ஆட்டிசம் உள்ள பிள்ளை. என்றைக்காவது ஒரு நாள் அவள் உங்கள் தெருவில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, வயசான ஆம்பிளைக் குரலில், "ஒண்ணுமில்லட்டி, வாயுதான். போ, போயி வேலையப் பாரு" என்று சொல்வாள்.

அது செத்துப்போன என் வீட்டுக்காரரின் குரல்.

அதைக் கேட்டதும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த ஊரில் பிறந்தவள்தானே. அதை நினைத்துத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

2

நிவி பேசுவாள். பேசமாட்டாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அவள் பேசுவது எல்லாம் இன்னொருத்தர் பேசியது.

"சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டால் "சாப்பிட்டியாட்டி?" என்பாள். என் இழுவை, என் அதட்டல், என் மூச்சு வாங்கல், அத்தனையும் அதில் இருக்கும். இது உடனே திருப்பிச் சொல்வது. இன்னொன்று இருக்கிறது. என்றைக்கோ கேட்டதை உள்ளே வைத்திருந்து இன்றைக்கு எடுத்துச் சொல்வது. வெளியே போக ஆசை வந்தால் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் கண்டக்டர் குரலில் "வேகம் கேறிக்கோ, வேகம் கேறிக்கோ" என்பாள். சோறு போதும் என்றால், எங்கள் கடைக்கு எப்போதோ வந்த யாரோ ஒரு பையனின் குரலில் "போதும் அண்ணாச்சி, வயிறு ரொம்பிட்டு" என்பாள். இடி இடித்தால் மட்டும் யார் குரல் என்று தெரியாத ஒரு பெண் குரலில் "கரண்டு போச்சு, கரண்டு போச்சு" என்று சொல்லிக்கொண்டு என் முந்தானைக்குள் வருவாள்.

செல்வி ஆபீஸ் போனால் பிள்ளை எங்களோடுதான் இருப்பாள். அவளுக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் நல்ல பொருத்தம். சுவரில் முதுகைச் சாய்த்து இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர் ஒன்று சொல்வார். அவள் அதையே சொல்வாள்.

"பாத்தியாட்டி, இந்த வீட்டுல எனக்கு மறுவார்த்தை சொல்லாத பொம்பளை இவ ஒருத்திதான்" என்று என்னைக் குத்திக் காட்டுவார்.

"ஆமா, ஒங்க பேச்சை ரெண்டு தடவை கேக்கணும்னு எங்க தலையெழுத்து" என்பேன் நான்.

"தலையெழுத்து" என்பாள் நிவி.

கொல்லத்தில் கட்டிக்கொடுத்த என் மகள் லெட்சுமிக்கு இரண்டு பிள்ளைகள். நான் தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் சொல்லும். "அம்மூம்மே, எந்தா இது?" என்று இட்லிப் பொடியைக் காட்டிக் கேட்கும். தப்பென்று சொல்ல முடியாது, அவர்கள் படிப்பது அது, விளையாடுவது அது. ஆனால் என் தமிழை என் தமிழாகவே எனக்குத் திருப்பித் தந்தது இந்த நிவி ஒருத்திதான். அதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை மறைப்பானேன்.

இவளுக்கு ஆட்டிசம் என்று சர்டிபிகேட் வாங்க நானும் செல்வியும் அலைந்த கதை தனி. ஒரு ஆபீஸில், தாய்மொழி தமிழ் என்றால் அதற்கு வேறு காகிதம் என்றார்கள். இன்னொன்றில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில், பிள்ளை இங்கே, எப்படி என்றார்கள். கடைசியில் ஒரு சார் நிவியையே கேட்டார், "மோளே, பேரெந்தா?" என்று. அவளும் "மோளே, பேரெந்தா?" என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

"இவள்க்கு மலையாளம் நந்நாயிட்டு அறியாமல்லோ! பின்னெ எந்தா குழப்பம்?" என்றார்.

நன்றாகப் பேசுகிறாளாம், பிறகென்ன சங்கடமாம். செல்வி அழுவதற்கு இருந்தாள். அதற்குள் நிவி பின்னால் திரும்பி, அந்த சார் குரலிலேயே "போட்டோஸ்டாட் எவிடெ?" என்று ஒரு அதட்டல் போட்டாள். வரிசையில் நின்ற ஆள் பதறிப்போய்ப் பையிலிருந்த காகிதத்தை அவள் கையில் கொடுத்தார். சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. சிரித்த நாட்களும் எங்களுக்கு இருந்தன என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

3

எங்க வீட்டுக்காரருக்கு வாயுத் தொந்தரவு. அல்லது வாயு என்று அவர் சொல்லிக்கொண்டது. சாப்பிட்டதும் முகம் சுருங்கும். நான் பார்த்துவிடுவேன்.

"எங்கன? கையைக் காட்டுங்க" என்பேன்.

அவர் தன் கையைக் காட்ட மாட்டார். என் கையைப் பிடித்து இழுத்து வலிக்கிற இடத்தில் வைப்பார். "இங்கனட்டி. அமுக்காத" என்பார். நான் அமுக்காமல் வைத்திருப்பேன். பிறகு சுக்குத் தண்ணி. எங்கள் வீட்டில் இது விளக்கேற்றுகிற மாதிரி அன்றாடம் நடக்கிற காரியம். பக்கத்தில் நிவி பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவர் போன அன்று காலையிலும் முகம் சுருங்கியது. நான் கேட்டேன். அன்றைக்கு அவர் என் கையைப் பிடிக்கவில்லை. செருமிக்கொண்டு, "ஒண்ணுமில்லட்டி, வாயுதான். போ, போயி வேலையப் பாரு" என்றார். சுக்கு தீர்ந்திருந்தது. முக்குக் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். வரும்போது வாசலிலேயே அவர் குரல் கேட்டது. "ஒண்ணுமில்லட்டி, வாயுதான்." சரி, தேவலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அவர் சுவரில் சாய்ந்தபடி தலை ஒரு பக்கம் தொங்க இருந்தார். பேசினது நிவி. அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவர் சொன்னதை அவருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த நிமிஷத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் வாசலில் செருப்பைக் கழற்றுமுன் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன்.

மாரடைப்பு என்றார்கள். நான் கவனிக்கவில்லை என்று ஊரிலிருந்து வந்தவர்களில் ஒரு சிலர் வாய்க்குள் பேசினார்கள். அது எனக்குக் கேட்டது. நான் கேட்டேன், அவர் மறைத்தார். அதற்குமேல் அதில் எனக்குப் பங்கு கிடையாது.

அதற்குப் பிறகு நிவி அந்தக் குரலைப் பல மாதம் எடுக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் நான் அடுக்களையில் இருக்கும்போது கூடத்திலிருந்து செருமல் கேட்டது. அவர் செருமல். "ஒண்ணுமில்லட்டி, வாயுதான். போ, போயி வேலையப் பாரு." நான் கூடத்துக்குப் போகவில்லை. உள்ளே இருந்தே "யாரு?" என்று கேட்டேன். என் வீட்டில், என் புருஷன் குரலைப் பார்த்து, யாரு என்று கேட்டேன். "யாரு?" என்று என் குரலில் திரும்ப வந்தது. நிவி கதவிடுக்கில் நின்றுகொண்டிருந்தாள்.

செல்வி போனில் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். "பேயி பிடிச்சிருக்குட்டி. கிழவன் சாகும்போது பக்கத்துல விட்டிருக்கீயள்லா. கூட்டிட்டு வா, கோடாங்கிக்காரர் கிட்ட வேப்பிலையால நாலு போட்டா ஓடிரும்" என்றாளாம் அந்த அம்மா. கீழத்தெருவில் அவள் இதைப் படித்துக் கோபப்பட்டால் படட்டும். நான் ஒன்றும் பொய் எழுதவில்லை. அன்றைக்கு எனக்கும் அதே நினைப்புதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டீச்சரிடமும் செல்வி சொன்னாள். அந்த டீச்சர் சின்னப் பெண், மலையாளத்துப் பிள்ளை. என்னைப் பார்த்துச் சொன்னாள், "அம்மே, அது வெறுதெ பறயுந்நதல்ல. எந்து பறயுந்நு என்னல்ல, எப்பழா பறயுந்நேந்நு நோக்கு." சும்மா சொல்லவில்லையாம். என்ன சொல்கிறாள் என்று பார்க்காதே, எப்போது சொல்கிறாள் என்று பார் என்கிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது. செத்தவர் வந்து பேசுகிறார், இவள் நேரம் பார்க்கச் சொல்கிறாள்.

4

முதல் வருஷத் திவசத்துக்கு லெட்சுமி கொல்லத்திலிருந்து வந்துவிட்டாள். படத்துக்கு மாலை போட்டு, கீழே தலைவாழை இலை விரித்து, அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். புளிக்குழம்பு, உளுந்தங்களி, மெதுவடை, வெற்றிலை, ஒரு கட்டுப் பீடி. செல்விக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளையை வழக்கம்போல என்னிடம் விட்டுப் போனாள். "ராத்திரியிலருந்து ஒண்ணும் சாப்பிடல பெரியம்மா, பாத்துக்கிடுங்க" என்றாள். வீட்டில் ஆட்கள் வந்தால் நிவி சாப்பிட மாட்டாள், அது எல்லாருக்கும் தெரிந்தது.

அவர் உட்காருகிற இடத்தில், அவர் சாய்கிற சுவரில் சாய்ந்து நிவி உட்கார்ந்திருந்தாள். நான் சூடத்தைப் பொருத்தினேன். மணி அடிக்க லெட்சுமி கையைத் தூக்கினாள்.

செருமல்.

"ஒண்ணுமில்லட்டி, வாயுதான்."

லெட்சுமி கையில் இருந்த மணி தரையில் உருண்டது. "அப்பா!" என்று ஒரு சத்தம். அப்படியே பிள்ளை முன்னால் விழுந்து கும்பிட்டாள். "யம்மா, கேட்டியா? அப்பா வந்துட்டாரும்மா. சரியா படையலுக்கு வந்துட்டாரு. என்னப்பா வேணும்? சொல்லுங்கப்பா."

"சொல்லுங்கப்பா" என்றாள் நிவி, லெட்சுமி குரலில்.

"பாரு, என் குரலுலயே கேக்காரு!"

மறுபடியும் செருமல். மறுபடியும் அதே பேச்சு. நிறுத்தவில்லை. ஒன்று முடியுமுன் இன்னொன்று. நான் சூடத் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றேன். கட்டிக்கொண்டவரிடம் இப்படிப் பயப்படுவேன் என்று யாராவது முன்னே சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். என்னிடம் ஏதோ கேட்க வந்திருக்கிறார், அன்றைக்குச் சுக்கு வாங்கப் போனவள் வருமுன் போனவர் அந்தச் சுக்குத் தண்ணியைக் கேட்டு வந்திருக்கிறார் என்றுதான் என் புத்தி போயிற்று. நானே போய்ச் சுக்குத் தண்ணி வைத்துக் கொண்டுவந்தேன். லெட்சுமி அதை வாங்கி, "குடிங்கப்பா" என்று பிள்ளை வாயில் வைத்தாள்.

ஒரு வாய் உள்ளே போனது. அடுத்த நொடி நிவி படையல் இலை முழுக்க வாந்தி எடுத்தாள்.

"போச்சு. படையலை ஏத்துக்கிடல. அப்பாக்கு நம்ம மேல கோவம்" என்று லெட்சுமி மாரில் அடித்துக்கொண்டாள்.

இலையைத் துடைக்கக் குனிந்தேன். அப்போதுதான் பிள்ளை முகம் என் கண்ணுக்கு நேராக வந்தது. உதடு வெளுத்திருந்தது. வலது காலை வயிற்றோடு மடக்கி வைத்திருந்தாள். தொட்டேன், நெற்றி கொதித்தது. வெளுத்த வாய் திறந்து மறுபடியும் சொன்னது, "ஒண்ணுமில்லட்டி."

எப்பழா பறயுந்நேந்நு நோக்கு.

முன்னே ஒரு தடவை சொன்னாளே, கதவிடுக்கில் நின்று, அன்றைக்கு அவள் விரல் கதவில் நசுங்கி நகம் கறுத்திருந்தது. சாயங்காலம்தான் பார்த்தோம். அதற்குப் பிறகு ஒரு தடவை, காதுக்குள் கட்டி வந்தபோது. அப்போதும் இதே குரல், இதே பேச்சு. நாங்கள் விபூதி பூசினோம். கட்டி தானாக உடைந்தது.

வலிக்கிறது என்று சொல்ல இந்தப் பிள்ளைக்கு வார்த்தை கிடையாது. வலிக்கிற மனுஷன் என்ன சொல்வான் என்று இவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது ஒரே ஒருத்தரை. அவர் சொன்னது இது. இவள் அவரைப் பேசவில்லை. அவரை வைத்துத் தன்னைப் பேசுகிறாள்.

அதுவரைக்கும் இருந்த பயம் ஒன்று. அப்போது வந்த பயம் வேறு. செத்தவர் வந்தால் என்ன செய்துவிடப் போகிறார்? ஒண்ணுமில்லை என்று சொல்லிச் சொல்லி ஒருத்தர் கண் முன்னால் போனதைத்தான் நான் பார்த்திருக்கிறேனே. அந்தப் பொய்யை இரண்டாம் தடவை நம்ப மாட்டேன் என்று பிள்ளையைத் தூக்கினேன்.

"யம்மா, எங்க போற? படையல் பாதியில நிக்கி! இலையை மூடாம எந்திரிக்கக் கூடாது" என்றாள் லெட்சுமி.

"ஒங்கப்பா காத்திருப்பாரு. அவருக்கு இனி எங்க போகணும்? ஆட்டோவக் கூப்பிடு."

5

செல்வி ஆபீஸிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

நர்ஸ் நிவியிடம் குனிந்து, "மோள்க்கு எந்தா பற்றியே? எவிடெயா வேதன?" என்று கேட்டாள். எங்கே வலி என்கிறாள்.

"எவிடெயா வேதன?" என்றாள் நிவி.

"களியாக்குவாணோ?" என்று நர்ஸ் முகம் சிவந்தாள். கேலி செய்கிறாயா என்று கேட்கிறாள். செல்வி ஆட்டிசம் என்று சொன்னதும் அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிள்ளை தலையைத் தடவினாள்.

டாக்டரம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். எங்கே தொட்டாலும் நிவி ஒரே மாதிரி விறைத்துக்கொண்டாள். யார் தொட்டாலும் அவள் அப்படித்தான். எது வலி, எது கூச்சம் என்று எப்படித் தெரியும்? "எங்கடா வலிக்கு? அம்மாகிட்ட சொல்லு தங்கம்" என்று செல்வி கேட்டாள். "சொல்லு தங்கம்" என்றாள் நிவி. பிறகு செருமிக்கொண்டு, "ஒண்ணுமில்லட்டி, வாயுதான்."

இந்த ஊரில் அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். ஒண்ணுமில்லை என்றால் அவர்களுக்கும் ஒந்நுமில்லைதான், வாயு என்றால் வாயுதான். டாக்டரம்மா நிமிர்ந்து, "கேஸ் ஆணோ?" என்று கேட்டாள், வாயுத் தொந்தரவா என்று. செல்வி எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று தவித்தவள், "இருக்கும் டாக்டர்" என்றாள். பாவம், எந்தத் தாய்க்கும் வாயு என்றால் நிம்மதிதானே. டாக்டரம்மா யோசித்தாள். ஒரு மருந்து கொடுத்துச் சற்று நேரம் பார்ப்போம் என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

எனக்கு மட்டும் தெரிந்தது, அந்தப் பேச்சுக்கு இன்னொரு பாதி உண்டு என்று. அந்தப் பாதி என்னுடையது. அவர் போனதற்குப் பிறகு நான் அதைச் சொன்னதே இல்லை. சொன்னால் அவர் பதில் வரும். அத்தனை பேர் நடுவில், ஒரு குழந்தையின் வாயிலிருந்து, என் புருஷன் எனக்குப் பதில் சொல்வார். அதைக் கேட்டு நான் உயிரோடு நிற்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

செருமல் வந்தது. "ஒண்ணுமில்லட்டி, வாயுதான். போ, போயி..."

"எங்கன?" என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன், அடுக்களையிலிருந்து கேட்கிற மாதிரி, அதட்டலோடு. "எங்கன? கையைக் காட்டுங்க."

நிவி நிறுத்தினாள். அந்த அறைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக வாய் மூடினாள். என் கையைப் பிடித்தாள். இழுத்தாள். சட்டையை விலக்கி, தொப்புளுக்குக் கீழே, வலது பக்கமாக வைத்தாள்.

"இங்கனட்டி" என்றார் அவர். "அமுக்காத."

நான் அமுக்கவில்லை. டாக்டரம்மா என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் என் விரல்களுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்து மெல்ல அழுத்திச் சட்டென்று எடுத்தாள். நிவி அலறினாள். அது யாருடைய குரலும் இல்லை. அவளுடையது. ஏழு வருஷத்தில் அவள் குரல் இப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். ஸ்கேன், ரத்தம், கையெழுத்து. குடல்வால் வீங்கி உடைகிற நிலையில் இருந்ததாம். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஜெகன் துறைமுகத்திலிருந்து மஞ்சள் சட்டையும் பூட்சுமாக வந்து கதவுப் பக்கம் நின்றான். செல்வி என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லன்னு சொன்னாளே பெரியம்மா, ஒண்ணுமில்லன்னுதான சொன்னா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். பயந்தால் எல்லாரும் ஒன்றையே திரும்பத் திரும்பத்தான் சொல்கிறோம்.

வீட்டில் அந்தப் படையல் இலை மூடாமலே கிடந்தது. எறும்பு வந்து கொண்டுபோயிற்று என்றாள் லெட்சுமி. சரி, யாரோ சாப்பிட்டார்கள்.

6

நிவி இப்போது நன்றாக இருக்கிறாள். தழும்பு ஆறிவிட்டது. அசையாமல் படு என்று நர்ஸ் சொன்ன "அனங்ஙாதெ கிடக்கு மோளே" என்பதைப் பொம்மையிடம் சொல்லிப் படுக்க வைக்கிறாள்.

இனி ஊரில் உள்ளவர்களுக்கு. அவள் அங்கே வருவாள். கீழத்தெருவில், கோயில் வாசலில், பள்ளிக்கூடத்தில் எங்கேயாவது நிற்பாள். நீங்கள் சொன்னதை உங்கள் குரலிலேயே சொல்வாள். கேலி என்று நினைக்காதீர்கள். கிளிப்பிள்ளை என்று சிரிக்காதீர்கள். ஒரு நாள் அந்த மனுஷனின் குரல் வரும். அவரை அறிந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறீர்கள், உங்களுக்கு மயிர்க்கால் கூசும், எனக்குத் தெரியும். வேப்பிலையை எடுக்காதீர்கள். கோடாங்கிக்காரரைக் கூப்பிடாதீர்கள். விபூதி பூசினால் பூசிவிட்டுப் போங்கள், ஆனால் பூசிய கையோடு கேளுங்கள், "எங்கன? கையைக் காட்டுங்க" என்று. மரியாதையாகக் கேளுங்கள். குழந்தைதானே என்று "காட்டு" என்றால் அவளுக்கு அது வேறு பேச்சு. அவள் உங்கள் கையைப் பிடித்து வைப்பாள். அமுக்காதீர்கள். டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

இதை யாரும் படிக்காவிட்டால்? படித்தவர் அன்றைக்கு ஊரில் இல்லாவிட்டால்? செல்வி கடைக்குப் போன நேரமாக இருந்தால்? ஒரு நாளைக்கு என் குரலும் இவள் வாயில் மட்டும் மிஞ்சும். அப்போது அதற்கு எதிர்ப்பாட்டுச் சொல்ல யார் இருப்பார்கள்? இப்படி நினைத்துக்கொண்டுதான் இந்தத் தாளை எழுதி எழுதி வைக்கிறேன்.

நேற்று மாடியில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். நிவி கீழே வந்து அவர் இடத்தில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நாளாக எனக்கு நெஞ்சுக்குள் இடது பக்கம் ஒரு பிடிப்பு இருக்கிறது. வரும், போகும். பிள்ளை போகிற துக்கம் என்று வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அது வந்தபோது கீரையைக் கீழே வைத்தேன், அவ்வளவுதான்.

நிவி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். முகத்தை அவள் பார்ப்பதே அபூர்வம்.

"எங்கன?" என்றாள், என் குரலில், என் அதட்டலோடு. "கையைக் காட்டுங்க."

ஒண்ணுமில்லட்டி என்று எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, அவள் கையைப் பிடித்து நெஞ்சில் வைத்தேன். அவள் அமுக்கவில்லை.

மாடியைப் பார்த்துச் சத்தம் கொடுத்தேன். "ஏ செல்வி, சாமானை அப்படியே போட்டுட்டு வா. ஆஸ்பத்திரிக்குப் போகணும். எனக்குத்தான்."